மரக்கலமும் பழுதுச் செலவும்: வல்வெட்டித்துறை ‘அன்னபூரணி’யும் அமெரிக்கத் துறைகளில் எஞ்சிய கலங்களும்

1. முன்னுரை

தமிழர் கடல் வரலாறு பெரும்பாலும் புறப்பாட்டின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. சோழர் கடற்படை புறப்பட்டதை அறிவோம். வணிகக் குழுக்கள் கீழ்த்திசை நாடுகளுக்குச் சென்றதை அறிவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொழிலாளர் கப்பலேறிய துறைகளையும் அறிவோம். ஆனால் சென்ற கலம் திரும்பி வந்து கரையில் சாய்த்து வைக்கப்பட்ட பின் அதன் அடிப்பலகையை யார் பார்த்தார், ஒழுகிய இணைப்பை யார் அடைத்தார், அதற்கான கூலியும் சரக்கும் எவர் கணக்கில் எழுதப்பட்டன என்பவை அரிதாகவே கேட்கப்படும் வினாக்கள்.

கப்பலைக் கட்டும் செலவு ஒரு முறை நேர்வது. பழுது பார்க்கும் செலவு கப்பல் உள்ளவரை தொடர்வது. எந்தக் கலம் நிலைக்கும், எது அழியும் என்பதை இறுதியில் முடிவு செய்வது இந்த இரண்டாவது செலவை ஏற்கும் ஏற்பாடே என்பது இக்கட்டுரையின் கருத்து. இதனை நிறுவ, 1938இல் அமெரிக்கக் கரையை அடைந்த வல்வெட்டித்துறைக் கப்பலான ‘அன்னபூரணி’யும், நியூ ஜெர்சி, சான் பிரான்சிஸ்கோ விரிகுடா, டெக்சாஸ் ஆகிய இடங்களின் வரலாற்றுக் கலங்களும் ஒப்புநோக்கப்படுகின்றன. இம்மூன்று பகுதிகளும் இன்று தமிழர் பெருமளவில் வாழும் பகுதிகள் என்பதும் ஒப்பீட்டுக்கு ஒரு காரணம்.

2. பழுது என்னும் தொழில்

மரக்கலம் நீரில் இறங்கிய நாளிலிருந்தே அழியத் தொடங்குகிறது. வெப்பக் கடல்களில் கப்பற்புழு பலகையைத் துளைக்கிறது. பாசியும் சிப்பியும் அடியில் ஒட்டி ஓட்டத்தைத் தளர்த்துகின்றன. மழைநீர் தேங்கும் இடங்களில் மரம் உளுத்துப் போகிறது. இரும்பாணி துருவேறித் தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கிறது. இவற்றுக்கு எதிராகத் தமிழ்க் கடற்கரை தனக்கேற்ற முறைகளை வகுத்துக்கொண்டது.

அவற்றுள் மிக எளியது கட்டுமரத்தின் முறை. கடலிலிருந்து திரும்பியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் உலர்த்துவர். ஊறிய மரம் உலர்ந்து மீண்டும் மிதக்கும் தன்மை பெறும். பராமரிப்பு என்பது தனிச் செலவாக அன்றி, அன்றாடத் தொழிலின் ஒரு பகுதியாகவே அங்கு அமைந்துவிட்டது. சோழமண்டலக் கரையின் மசூலாப் படகில் ஆணியே இல்லை. பலகைகள் கயிற்றால் தைக்கப்பட்டிருக்கும். அலை மோதும்போது உடையாமல் நெகிழ்வது அதன் வலிமை. குறித்த காலத்துக்கொருமுறை தையலைப் பிரித்துப் புதுக்கயிற்றால் தைக்க வேண்டியிருப்பது அதற்குக் கொடுக்கும் விலை.

ஆணி அறைந்து கட்டிய பெருந்தோணிகளுக்கு வேறு முறை வேண்டியிருந்தது. பலகை இணைப்புகளில் பஞ்சுத்திரியை உளியாலும் கொட்டாப்புளியாலும் செலுத்தி, குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய கலவையால் மூடும் வேலையைக் கலப்பற்று என்றனர். அதைச் செய்பவர் கலப்பற்றுக்காரர். போர்த்துக்கேயத் தொடர்பால் வந்த சொல் என்று கருதப்படினும், அகராதிகளில் இடம்பெறும் அளவுக்கு அது தமிழாகிவிட்டது. ஒரு தொழிலுக்குத் தனிப்பெயரும் தொழிலாளிக்குத் தனிப்பெயரும் இருந்தமை, அதற்கெனத் தனிக்கூலியும் இருந்தமைக்குச் சான்று.

நம் நூல்மரபு இதில் ஒரு பகுதியையே காட்டுகிறது. 1950இல் சென்னையில் அச்சேறிய ‘கப்பல் சாத்திரம்’ மரத்தின் தேர்வையும், பலகையில் காணும் கணுக்களின் நன்மை தீமைகளையும் விரிவாகப் பேசுகிறது. கட்டும் கணத்தை மங்கலமாக்குவதே அத்தகைய நூலின் நோக்கம். கட்டிய பின் ஆண்டுதோறும் செய்ய வேண்டியவை மேஸ்திரிகளின் கைப்பழக்கத்தில் மட்டுமே இருந்தன.

3. சுதேசிக் கம்பெனி: வாங்கும் பணமும் நடத்தும் பணமும்

இவ்வேறுபாடு மரக்கலத்துக்கு மட்டும் உரியதன்று. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906 அக்டோபரில் பதிவு செய்த சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியின் மூலதனம் 10 இலட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மக்களின் ஆர்வத்தால் திரண்ட பணத்தில் ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்கள் வாங்கப்பட்டன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அவை ஓடிய நாள்களைத் தமிழகம் இன்றும் நினைவுகூர்கிறது.

எதிர்ப்பக்கத்தில் நின்ற பிரிட்டிஷ் இந்தியக் கப்பல் கம்பெனி தாக்கியது வருவாயைத்தான். கட்டணம் வெட்டப்பட்டது; இலவசப் பயணமும் அறிவிக்கப்பட்டது. பயணி வந்தாலும் வராவிட்டாலும் கப்பலுக்கு நிலக்கரி வேண்டும், மாலுமிக்குச் சம்பளம் வேண்டும், துறைமுகக் கட்டணம் செலுத்த வேண்டும், எந்திரமும் கொதிகலனும் பழுது பார்க்கப்பட வேண்டும். பல துறைகளில் பல கப்பல்கள் வைத்திருந்த கம்பெனி இழப்பை எங்கும் பரப்பிக்கொள்ள முடிந்தது; இரண்டே கப்பல்கள் வைத்திருந்த கம்பெனியால் அது இயலவில்லை. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. அரசியல் அடக்குமுறையே வீழ்ச்சியின் முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. எனினும் அந்த அடி இவ்வளவு விரைவில் பலித்தமைக்கு, தொடர்செலவைத் தாங்கும் தனி நிதி இல்லாமையும் துணைக்காரணம் எனக் கொள்வதற்கு இடமுண்டு.

4. அன்னபூரணி

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலுள்ள வல்வெட்டித்துறையும், மேற்கிலுள்ள ஊர்காவற்றுறையும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை பாய்க்கப்பல் துறைகளாக விளங்கின. இவ்வூர்க் கப்பல்கள் தென்னிந்தியத் துறைகளுக்கும் பர்மாவுக்கும் சென்று அரிசியும் தேக்கும் ஏற்றி வந்தன. ஆழமான கட்டுத்துறை இல்லாத கரை அது. ஆயினும் மணற்கரையே உலர்துறையாகப் பயன்பட்டது. வாடைக்காற்றின் கடுமையான மாதங்களில் ஓட்டம் குறையும். அந்த ஓய்வே பழுது பார்க்கும் பருவம். துறைக்கட்டணம் இல்லை, மேஸ்திரியும் கலப்பற்றுக்காரரும் ஊரிலேயே இருந்தனர், மரமும் பாயும் கயிறும் வணிகத்தோடு வந்து சேர்ந்தன. ஊர் முழுவதும் ஒரு பட்டறையாக இயங்கியதால், பழுதுச் செலவு கப்பலின் வருவாய்க்குள் அடங்கிற்று.

இச்சூழலில் 1930ஆம் ஆண்டளவில் கட்டப்பட்டதே ‘அன்னபூரணி’. இரு பாய்மரங்களும், 89 அடி நீளமும், 19 அடி அகலமும் கொண்ட, வேப்பமரத்தால் ஆன கலம். வேம்பு உள்ளூரில் கிடைப்பது. அதன் கைப்பு புழுவைத் தடுக்கும் என்பது மேஸ்திரிகளின் நம்பிக்கை. பழுது வந்தால் மாற்றுப்பலகை வேலிக்கு அப்பால் நிற்கிறது என்பதும் அத்தேர்வில் அடங்கிய சிக்கனம்.

இக்கப்பலை வாங்கியவர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கர். 1928 முதல் 1931 வரை, 32 அடி நீளமே உடைய ‘ஸ்வாப்’ என்னும் பாய்ப்படகில் உலகைச் சுற்றி வந்து புகழ் பெற்றவர். மரக்கலத்தின் தரத்தை அறிந்த அவர் கண்ணுக்கு வல்வெட்டித்துறை வேலை தகுதியுடையதாகத் தோன்றியமை சிறு செய்தியன்று. தம் மனைவி ஃபுளோரன்ஸ் கிரேனின் பெயரால் கப்பலுக்கு ‘ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்’ எனப் பெயர் மாற்றினார். 1937 பிப்ரவரியில் வல்வெட்டித்துறையை விட்டுப் புறப்பட்ட கப்பல், தண்டயல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் அவ்வூர் மாலுமிகளும் செலுத்த, சூயஸ் கால்வாய் வழியாக மத்தியதரைக்கடலையும் அட்லாண்டிக்கையும் கடந்து, 1938 ஆகஸ்ட் முதல் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறையை அடைந்தது.

இப்பயணத்தை வீரச் செயலாக நினைவுகூர்வது வழக்கம், அது பொருத்தமே. ஆனால் ஒரு வரலாற்றாசிரியன் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வல்வெட்டித்துறையில் சரக்கேற்றிச் சம்பாதித்துத் தன் பழுதைத் தானே பார்த்துக்கொண்ட கலம், குளோஸ்டரில் வருவாய் இல்லாத தனியார் உல்லாசக் கலமாயிற்று. அதன் பராமரிப்பு இனி ஒருவரின் செல்வத்தையும் விருப்பத்தையும் சார்ந்தது. ராபின்சனின் மனைவி செல்வாக்குமிக்க தொழிலதிபர் குடும்பத்தைச் சேர்ந்தவர். ராபின்சன் தாமே பின்னர் இப்ஸ்விச் நகரில் கப்பல் பட்டறை நடத்தியவர். அப்படிப்பட்டவரின் கையிலும் கலம் என்றென்றைக்கும் நிலைக்கவில்லை. இன்று ‘அன்னபூரணி’ இல்லை. சில ஒளிப்படங்களும், பத்திரிகைச் செய்திகளும், ஊரார் நினைவுமே எஞ்சின.

அதே குளோஸ்டர் துறையில் ‘அட்வென்சர்’ என்னும் மீன்பிடிக் கப்பல் இன்றும் நிற்கிறது. 1926இல் அருகிலுள்ள எசெக்ஸ் ஊரில் கட்டப்பட்டது. வயதில் ‘அன்னபூரணி’க்குச் சற்று மூத்தது. 1988இல் அது ஊர்மக்களுக்கு நன்கொடையாக வழங்கப்பட்டு, பல்லாண்டுகள் நீண்ட சீரமைப்பால் மீண்டும் பாய் விரித்தது. இரண்டும் மரம், இரண்டும் ஒரே துறையைக் கண்டவை. ஒன்றுக்குப் பொறுப்பேற்க ஓர் ஊர் முன்வந்தது. மற்றதன் ஊரோ அரைப்பங்கு உலகுக்கு அப்பால் இருந்தது.

5. மூன்று மாநிலங்கள், ஐந்து கலங்கள்

நியூ ஜெர்சியின் ‘ஏ. ஜே. மீர்வால்ட்’ 1928இல் டார்செஸ்டர் ஊரில் சிப்பி அள்ளும் பாய்க்கப்பலாகக் கட்டப்பட்டது. 1942இல் கடலோரக் காவற்படை அதனை எடுத்துத் தீயணைப்புக் கலமாக்கியது. போருக்குப் பின் உரிமையாளருக்குத் திரும்பிற்று. பின்னர் கைமாறி உழைத்து ஓய்ந்தது. 1980களின் இறுதியில் தன்னார்வலர் அமைப்பொன்று அதைப் பெற்று 1995இல் மீண்டும் நீரில் இறக்கியது. 1998இல் மாநிலத்தின் அதிகாரபூர்வப் பாய்க்கப்பல் என்ற தகுதி கிடைத்தது. அத்துடன் கதை முடியவில்லை. கால் நூற்றாண்டு கழிந்ததும் அடிப்பலகைகள் மீண்டும் தளர்ந்தன. 2021–22இல் கப்பல் மெய்ன் மாநிலத்துப் பட்டறைக்குச் சென்று இன்னொரு பெருஞ்சீரமைப்புக்கு உள்ளாயிற்று. ஒரு தலைமுறைக்கு ஒரு முறை ஏறத்தாழப் புதிதாகக் கட்டுவதே மரக்கலத்தைக் காப்பதன் பொருள்.

சான் பிரான்சிஸ்கோவில் நிற்கும் ‘சி. ஏ. தேயர்’ 1895இல் மரம் ஏற்றும் தொழிலுக்காகக் கட்டப்பட்டது. 1957இல் கலிபோர்னியா மாநிலம் அதை வாங்கியது. பின்னர் தேசியப் பூங்காத் துறையின் பொறுப்புக்கு வந்தது. 2003இல் தொடங்கி 2007 வரை நடந்த சீரமைப்பில் மரத்தின் பெரும்பகுதி புதிதாக மாற்றப்பட்டது. பலகையெல்லாம் மாறிய பின் அது பழைய கப்பல்தானா என்னும் வினாவைத் தத்துவவாதிகள் எழுப்பலாம். கோயிற் குடமுழுக்கை அறிந்த தமிழருக்கு இவ்வினா அவ்வளவு இடர் தருவதன்று. சுதை புதிதாகும், வண்ணம் புதிதாகும். திருப்பணியின் தொடர்ச்சியே கோயிலின் தொடர்ச்சி.

அதே பூங்காவின் பொறுப்பில் இருந்த ‘வபாமா’வுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. 1915இல் கட்டப்பட்ட அது, மரத்தாலான கரையோர நீராவிக் கப்பல் வகையில் எஞ்சிய கடைசிக் கலம். தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதியும் பெற்றது. நீரில் மிதக்க இயலாமல் பல்லாண்டுகள் மிதவை மேடையொன்றின் மீதே இருந்தது. சீரமைப்புச் செலவு தாங்க முடியாதது என முடிவாகி, 2013இல் பிரித்தெடுக்கப்பட்டது. தகுதிப் பட்டயம் கப்பலைக் காக்காது. நிதியே காக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆயினும் பிரிப்பதற்கு முன் அளவைப் படங்களும் ஆவணங்களும் ஒழுங்காகத் தயாரிக்கப்பட்டிருந்தன. கலம் போயிற்று, கலத்தைப் பற்றிய அறிவு போகவில்லை.

டெக்சாஸ் மாநிலத்துக் கால்வெஸ்டனில் உள்ள ‘எலிசா’ 1877இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் கட்டப்பட்ட இரும்புக் கலம். கிரேக்கத்தில் உடைபடவிருந்த அதனை 1975இல் கால்வெஸ்டன் வரலாற்று நிறுவனம் வாங்கிச் சீரமைத்தது. 2011இல் அடித்தகட்டில் கடும் அரிப்பு கண்டறியப்பட்டுக் கப்பல் பயணத்துக்குத் தகாதது எனக் காவற்படை கூறியது. ஏறத்தாழ 30 இலட்சம் டாலர் திரட்டித் தகடுகள் மாற்றப்பட்டன. அம்மாநிலத்தின் ‘டெக்சாஸ்’ போர்க்கப்பலுக்கோ சட்டமன்றம் 2019இல் 3.5 கோடி டாலர் ஒதுக்கியது. 2022 ஆகஸ்டில் அது பழுது பார்க்கக் கால்வெஸ்டனுக்கு இழுத்துச் செல்லப்பட்டது.

இக்கலங்களில் நான்கை முறையே தன்னார்வலர் அமைப்பும், ஒன்றிய அரசும், நகர அறக்கட்டளையும், மாநிலச் சட்டமன்றமும் தாங்குகின்றன. தாங்குவோர் கைவிட்டது ஒன்று. அழிந்ததும் அந்த ஒன்றே.

6. துறையும் செலவே

கப்பலைப் போலவே அது நிற்கும் துறையும் ஓயாமல் பழுதுபடுவது. அமெரிக்கப் படகுத்துறைகளில் நிறுத்தக் கட்டணம் பெரும்பாலும் படகின் நீளத்துக்கு அடிக்கணக்கில் விதிக்கப்படுகிறது. நீரிலிருந்து தூக்கிக் கரையில் வைப்பதற்கும் அவ்வாறே. ஆண்டுப் பராமரிப்புக்குப் படகு விலையில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்குக என்பது படகு வைத்திருப்போரிடையே வழங்கும் பொதுக்கணக்கு. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் ஆறுகள் கொண்டு வரும் வண்டல் துறைகளைத் தூர்க்கிறது. தூர்வாருவதற்கும், வாரிய மண்ணைக் கொட்டுவதற்கும் அனுமதி பெற வேண்டும். 2012 அக்டோபரில் வீசிய சாண்டிப் புயல் நியூ ஜெர்சிக் கரையின் துறைகளைச் சிதைத்துச் சென்றது.

அடிப்பூச்சும் சட்டத்துக்கு உட்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் கடற்படை செப்புத்தகடு பதித்துப் புழுவை வென்றது. அதன் வழித்தோன்றலான செப்புப் பூச்சு நீரை நஞ்சாக்குகிறது என்பதால், அதிலிருந்து கசியும் செம்பின் அளவுக்குக் கலிபோர்னியா 2018 ஜூலை முதல் வரம்பு விதித்துள்ளது. இச்செலவுகளைத் தாங்க இயலாதோர் படகைக் கைவிட்டுச் செல்வதும் உண்டு. அத்தகைய படகுகளை அகற்றி அழிக்க அம்மாநிலமே உள்ளாட்சி அமைப்புகளுக்கு மானியம் அளிக்கிறது. பராமரிப்புக்கு எவரும் தராத பணத்தை, இறுதியில் அழிப்பதற்குப் பொதுமக்கள் தருகின்றனர்.

தமிழ்நாட்டில் இக்கணக்கு வேறு வடிவில் உள்ளது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன்வளத்துக்காக விதித்த தடையே காசிமேட்டிலும் நாகையிலும் இராமேசுவரத்திலும் பழுதுப் பருவமாகிவிட்டது. வருவாய் நின்ற இரு மாதங்களில்தான் படகைக் கரையேற்றிப் பலகை மாற்றவும், எந்திரம் பிரிக்கவும், வண்ணம் பூசவும் வேண்டும். வல்வெட்டித்துறையில் வாடைக்காற்று வகுத்த பருவத்தை இங்கு அரசாணை வகுக்கிறது. ஆனால் அங்கு செலவு வருவாய்க்குள் அடங்கிற்று. இங்கு அது பெரும்பாலும் கடனாகிறது. ஆழிப்பேரலைக்குப் பின் மரத்தின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகு வேகமாகப் பிடித்தமைக்கும் இது ஒரு காரணம். புழு தின்னாத படகு வந்தது. கலப்பற்றுக்காரரின் வேலை போயிற்று.

தூத்துக்குடித் தோணிகள் மட்டும் இன்னும் மாலத்தீவுக்குச் சரக்கேற்றிச் செல்கின்றன. பாய்க்குப் பதில் எந்திரம் வந்துவிட்டது. எனினும் கடுங்காற்று மாதங்களில் கரைசேர்ந்து பழுது பார்க்கும் மரபு தொடர்கிறது. உழைக்கும் மரக்கலத்தோடு அதன் பழுதறிவும் உயிரோடிருக்கும் இடம் இது.

7. முடிவுரை

நியூசிலாந்தின் தேசிய அருங்காட்சியகத்தில் தமிழ் எழுத்துப் பொறித்த ஒரு கப்பல் மணி உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சமயப் பணியாளர் வில்லியம் கொலென்சோ அதைக் கண்டபோது, மவோரியர் அதைச் சமையல் கலமாகப் பயன்படுத்தி வந்தனர். முகையதீன் பக்சு என்பவரின் கப்பலுக்கு உரியது என்று எழுத்து அறிவிக்கிறது. வெண்கலத்துக்குப் பராமரிப்பு வேண்டாம். ஆகவே மணி எஞ்சியது. கப்பலுக்கு வேண்டும், ஆகவே கப்பல் இல்லை. தமிழர் கடல் வரலாற்றுச் சான்றுகளில் கல்லும் செம்பும் மிகுந்து மரம் அருகியிருப்பதற்கு இதுவே விளக்கம்.

புலம்பெயர்ந்த தமிழ் அமைப்புகளில் சோழர் கலத்தையோ ‘அன்னபூரணி’யையோ மீண்டும் கட்டி மிதக்கவிட வேண்டும் என்னும் விருப்பம் அவ்வப்போது எழுகிறது. தையல் முறையில் கட்டப்பட்ட ‘கௌண்டின்யா’ 2025 மே மாதம் இந்தியக் கடற்படையில் சேர்க்கப்பட்ட பின் அவ்விருப்பம் வலுப்பெறுவது இயல்பு. அந்தக் கலத்தின் பின்னால் ஒரு கடற்படை நிற்கிறது. நம் அமைப்புகளின் பின்னால் நிற்பது நன்கொடைப் பட்டியல். ஆகவே மூன்று பரிந்துரைகள் இங்கு முன்வைக்கப்படுகின்றன.

முதலாவது, எந்த நினைவுக் கலத்துக்கும் கட்டுமான நிதி திரட்டுவதற்கு முன், அதன் ஆண்டுப் பராமரிப்பைத் தாங்கும் நிரந்தர வைப்புநிதி உறுதி செய்யப்பட வேண்டும். பழுதுக்கு வழியில்லாத கப்பல் நினைவுச் சின்னமாகாது; பத்தாண்டுகளில் அகற்ற வேண்டிய சுமையாகும்.

இரண்டாவது, வைப்புநிதி இயலாதெனில் ‘வபாமா’ காட்டும் வழியைப் பின்பற்றலாம். தூத்துக்குடித் தோணி ஒன்றையேனும் முழுமையாக அளந்து, படம் வரைந்து, அதன் ஒரு பழுதுப் பருவம் முழுவதையும் ஒளிப்பதிவு செய்து ஆவணமாக்குவதற்கு ஒரு கப்பலின் விலை வேண்டியதில்லை.

மூன்றாவது, மேஸ்திரிகளின் தொழிற்சொற்களும், தோணி உரிமையாளர் குடும்பங்களில் எஞ்சியுள்ள கணக்கேடுகளும் உடனடியாகத் தொகுக்கப்பட வேண்டும். கயிறு, குங்கிலியம், பஞ்சு, கூலி என எழுதப்பட்ட ஒவ்வொரு வரியும் கல்வெட்டுக்கு நிகரான சான்று. அவ்வேடுகள் இன்று பரண்களில் உள்ளன. அவற்றைப் படித்துப் பொருள் சொல்லக்கூடியவர்கள் முதுமையில் உள்ளனர். அவர்கள் இருக்கும்போதே இப்பணி தொடங்கினால்தான் அச்சொற்கள் பொருளோடு நமக்குக் கிடைக்கும்.